தோட்டா பாய்ந்தும் அசோக சக்ரா, தோட்டாவே வெடிக்காமல் வீர் சக்ரா: ராணுவப் பதக்கங்களைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் மேஜர் முகுந்த் வரதராஜன் உயிரிழந்தார். அவருக்கு அசோக சக்ரா கிடைத்தது. அது அமைதிக்காலப் பதக்கம். 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான ஹவில்தார் பழனி உயிரிழந்தார். அங்கே இரண்டு பக்கமும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. கல்லும் இரும்புத் தடியும் ஆணி பதித்த கட்டையும்தான் ஆயுதம். அவருக்குக் கிடைத்தது வீர் சக்ரா. அது போர்க்காலப் பதக்கம்.

என்ன இது, தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும். துப்பாக்கிச் சண்டையில் இறந்தவருக்கு அமைதிக்காலப் பதக்கம், தடிச் சண்டையில் இறந்தவருக்குப் போர்க்காலப் பதக்கமா? இந்த ஒரு குழப்பம் தீர்ந்துவிட்டால் இந்திய வீரப் பதக்கங்களில் பாதி புரிந்த மாதிரிதான்.

விஷயம் இதுதான். பதக்கம் எந்த வகை என்பதை ஆயுதமோ ஆபத்தோ தீர்மானிப்பதில்லை. எதிரே நின்றது யார் என்பதுதான் கேள்வி. எதிரிப் படைக்கு முன்னால் காட்டிய வீரம் என்றால் ஒரு வரிசை: பரம் வீர் சக்ரா, அதற்குக் கீழே மகாவீர் சக்ரா, அதற்குக் கீழே வீர் சக்ரா. எதிரிப் படைக்கு முன்னால் அல்லாமல் வேறு எங்கே காட்டிய வீரம் என்றாலும் இன்னொரு வரிசை: அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. கல்வானில் எதிரே நின்றது சீன ராணுவம், அதனால் முதல் வரிசை. ஷோபியானில் எதிரே இருந்தவர்கள் பயங்கரவாதிகள்; அரசின் கணக்கில் அது உள்நாட்டுப் பாதுகாப்பு நடவடிக்கை, அதனால் இரண்டாவது வரிசை. "அமைதிக்காலம்" என்ற பேரைக் கேட்டு அது ஏதோ லேசான பதக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அரசின் மரியாதை வரிசையில் பாரத ரத்னாவுக்கு அடுத்து பரம் வீர் சக்ரா, அதற்கு அடுத்த இடமே அசோக சக்ராவுக்குத்தான். பத்ம விபூஷண், பத்ம பூஷண் எல்லாம் அப்புறம்தான்.

இரண்டாவது வரிசை சீருடைக்காரர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. 1986 செப்டம்பரில் கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த விமானப் பணிப்பெண் நீரஜா பனோட்டுக்கு அசோக சக்ரா கிடைத்தது. வயது 22. 1984-இல் விண்வெளிக்குப் போய்வந்த ராகேஷ் சர்மாவுக்கும் அதே பதக்கம்தான்.

இன்னொரு சந்தேகம் வரும்: போர் என்று அறிவித்தால்தான் போர்க்காலப் பதக்கமா? இல்லை. 1999 கார்கில் சண்டை முறைப்படி அறிவிக்கப்பட்ட போர் அல்ல, ஆபரேஷன் விஜய் என்ற ராணுவ நடவடிக்கைதான், ஆனால் அதில் மட்டும் நான்கு பரம் வீர் சக்ரா. திருச்சிக்காரர்கள் மறக்காத மேஜர் சரவணனுக்கு வீர் சக்ரா கிடைத்ததும் அந்தச் சண்டையில்தான், படாலிக் பகுதியில். 2019 பிப்ரவரி 27-இல் ஒரே ஒரு காலைப் பொழுது நடந்த வான்சண்டைக்காக அபிநந்தன் வர்த்தமானுக்கு வீர் சக்ரா. 1961-இல் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா ஐ.நா. அமைதிப்படையில் காங்கோவுக்குப் போய், அங்கே எலிசபெத்வில் நகரில் நடந்த சண்டையில் இறந்தார்; இந்திய எல்லைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் பரம் வீர் சக்ரா. ஆக, எந்த நடவடிக்கையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை அரசுதான் முடிவு செய்கிறது. அந்தக் கோடு எப்போதும் நேர்கோடாக இருந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த இரண்டு வரிசை ஏற்பாடு நாமாகக் கண்டுபிடித்தது அல்ல. பிரிட்டனில் எதிரிக்கு முன் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ், மற்றதற்கு 1940-இல் வந்த ஜார்ஜ் கிராஸ். இதற்கு நம் ஆள் ஒருவரே நல்ல உதாரணம். மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியின் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தார். ஒரு வெடி வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்தார். உலகப் போரின் நடுவில்தான் இது நடந்தது, ஆனால் அந்த நொடியில் எதிரே எதிரி இல்லை. ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நமக்கென்று பதக்கம் வேண்டியிருந்தது, அதுவும் அவசரமாக, ஏனென்றால் 1947 அக்டோபரிலேயே காஷ்மீரில் சண்டை தொடங்கிவிட்டது. ஆனால் குடியரசு ஆகாத நாட்டில் யார் பெயரில் பதக்கம் கொடுப்பது? அதனால் 1950 ஜனவரி 26 அன்று, குடியரசான அதே நாளில், மூன்று போர்க்காலப் பதக்கங்களையும் அறிவித்து, அவை 1947 ஆகஸ்ட் 15-இல் இருந்தே செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். முதல் பரம் வீர் சக்ரா மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. 1947 நவம்பர் 3-இல் ஸ்ரீநகர் விமானத் தளத்துக்குப் பக்கத்தில் பட்காமில் இறந்தவர். இடது கையில் மாவுக்கட்டோடுதான் களத்துக்குப் போனார், சண்டையின் நடுவே ஜவான்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அமைதிக்கால வரிசை 1952-இல் வந்தது. அப்போது அதற்கு அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பேர். ரயில் டிக்கெட் மாதிரி இருந்த அந்தப் பேரை 1967-இல் மாற்றியது நல்ல காரியம்.

சரி, ஒரே வரிசைக்குள் எது பரம் வீர், எது மகாவீர், எது வீர் என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? எத்தனை எதிரியைக் கொன்றால் எந்தப் பதக்கம் என்று அட்டவணை எதுவும் கிடையாது. விதியில் இருப்பதெல்லாம் சொற்களின் ஏற்ற இறக்கம்தான். வீர் சக்ராவுக்கு வீரச் செயல் போதும். பரம் வீர் சக்ராவுக்கு அது மிக மிக மேலான துணிவாகவோ தன்னுயிரைத் தருகிற அளவுக்கோ இருக்க வேண்டும். அளவுகோல் இப்படி இருப்பதால் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மேல்படி எவ்வளவு குறுகல் என்று தெரிந்துகொள்ள முடியும்: வீர் சக்ரா ஆயிரத்துக்கும் மேல், மகாவீர் சக்ரா இருநூறுக்கும் மேல், பரம் வீர் சக்ரா வெறும் 21. அந்த 21-இல் 14 பேருக்கு இறந்த பிறகு. 20 பேர் தரைப்படை; விமானப்படையில் ஒரே ஒருவர், 1971 டிசம்பர் 14-இல் ஸ்ரீநகர் மேலே ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்களை எதிர்த்துத் தன் 'நாட்' ரகப் போர் விமானத்தைக் கிளப்பிய நிர்மல்ஜித் சிங் சேக்கோன். கடற்படையில் யாருக்கும் இல்லை. 1999-க்குப் பிறகு யாருக்கும் கொடுக்கப்படவும் இல்லை.

இனிதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி: இதையெல்லாம் யார் பார்த்து, யார் எழுதுகிறார்கள்?

சண்டை முடிந்ததும் அந்தப் படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் ஒரு குறிப்பு எழுதுவார். பட்டாளத்தில் இதை சைட்டேஷன் என்பார்கள். எந்த நாள், எந்த இடம், என்ன உத்தரவு, ஆள் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கூட இருந்தவர்களின் சாட்சியம் அதற்கு வேண்டும். அந்தக் காகிதம் பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட், ராணுவத் தலைமையகம் என்று படிப்படியாக மேலே ஏறும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் ஏற்கலாம், குறைக்கலாம், தள்ளலாம். கடைசியில் பாதுகாப்பு அமைச்சகத்தில் இதற்கென்று இருக்கும் குழு பார்த்து, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தருவார். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முந்தைய நாள் மாலைச் செய்தியில் ஒரு நீளமான பெயர்ப் பட்டியல் வரும் பாருங்கள், அது இப்படி வடிகட்டி வந்த பட்டியல்தான்.

நம் ஊருக்கு இந்தச் சைட்டேஷன் புதிதும் இல்லை. செங்கம் பக்கத்து நடுகற்களைப் படித்துப் பார்த்தால் ஏறத்தாழ இதே வரிசைதான்: எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு சேர்த்து அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். (இப்போதும் நடக்கிறது. 2022-இல் காஷ்மீரில் இறந்த ஆக்ஸல் என்ற ராணுவ நாயின் பெயர் அந்த ஆண்டு சுதந்திர தினப் பட்டியலில் வந்தது.)

சாட்சி வேண்டும் என்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. எல்லாரும் செத்துவிட்டால் யார் சொல்வது? 1962 நவம்பர் 18, லடாக்கின் ரெசாங் லா. பதினாறாயிரம் அடிக்கு மேலே, 13 குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் ஏறத்தாழ 120 பேர். அவர்களில் பிழைத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்கள் வந்து சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை, அவ்வளவு பேர் கடைசிவரை நின்று சண்டை போட்டிருப்பார்களா என்று சந்தேகப்பட்டார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பனிக்குள் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது பலர் பதுங்குகுழியிலேயே, ஆயுதம் கையில் இருந்தபடியே உறைந்து கிடந்தார்கள். ஷைத்தான் சிங்குக்குப் பரம் வீர் சக்ரா. அந்த உடல்கள் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், பட்டியலில் வராமலே போன இடங்களும் ஆட்களும் எத்தனை இருக்கும் என்ற கேள்வி தானாக வரும். பதக்கம் வாங்கியவர் வீரர் என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் வாங்காதவர் வீரர் இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பார்த்தவர் ஒருவர் பிழைத்திருக்க வேண்டும், அதை நன்றாக எழுதத் தெரிந்த மேலதிகாரி இருக்க வேண்டும், வழியில் யாரும் அதைக் குறைக்காமல் இருக்க வேண்டும். இத்தனையும் கூடி வந்தால்தான் பதக்கம்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் நடந்திருக்கிறது, அது சந்தோஷமான பிழை. அதே 1962 போரில் மேஜர் தன் சிங் தாப்பா இறந்துவிட்டார் என்று நினைத்து, மறைவுக்குப் பிந்தைய பரம் வீர் சக்ரா என்றே அறிவித்துவிட்டார்கள். மனுஷன் சீனாவில் போர்க்கைதியாக உயிரோடு இருந்தார். 1963-இல் திரும்பி வந்தார். கார்கிலில் டைகர் ஹில் ஏறிய யோகேந்திர சிங் யாதவுக்கும் இதே கதை: உடம்பெல்லாம் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவரை இறந்தவர் கணக்கில் சேர்த்து அறிவித்துவிட்டு, பிறகுதான் திருத்தினார்கள். 19 வயதில் பரம் வீர் சக்ரா வாங்கியவர் அவர்.

அதே டைகர் ஹில்லில், எதிரிக்காக எதிரியே சைட்டேஷன் எழுதிய சம்பவமும் உண்டு. பாகிஸ்தான் தரப்பில் கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது பதவி அல்ல, அவர் பெயரின் பகுதி) எதிர்த்தாக்குதல் நடத்தி இறந்தார். அவர் சண்டை போட்ட விதத்தைப் பார்த்த இந்தியத் தரப்பு பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, உடலைத் திருப்பி அனுப்பும்போது, இவர் மிகத் துணிச்சலாகப் போராடினார், இவருக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி உடலின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த பதக்கமான நிஷான் ஏ ஹைதரை அவருக்குக் கொடுத்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைச் சொல்லாமல் போக முடியாது. பம்பாயில் பிறந்த தமிழர். பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் தமிழர் இவர்தான். எந்த இடத்தில் பெற்றார் என்று பார்த்தால் நமக்கு நெஞ்சில் முள் குத்தும்: யாழ்ப்பாணம், உடுவில் அருகே, 1987 நவம்பர் 25. இந்திய அமைதிப்படையில் 8 மகார் பட்டாலியனோடு போயிருந்தார். தேடுதல் முடிந்து இரவில் திரும்பும் வழியில் அவருடைய அணி மீது விடுதலைப் புலிகள் பதுங்கித் தாக்கினார்கள். அவர் பின்பக்கமாகச் சுற்றிப் போய்த் தாக்கினார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டார். சாகும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். சைட்டேஷன் சொல்வது இவ்வளவுதான். அந்தப் படை அங்கே போனது சரியா, அங்கே இருந்த நாட்களில் யாழ்ப்பாணத்து மக்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. ஈழத்தமிழர்கள் அந்தக் காலத்தை வேறு மாதிரிதான் நினைவு வைத்திருக்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு பதக்கம் ஒரு மனிதனின் ஒரு இரவைப் பற்றிப் பேசுகிறது; போரைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் வேலையை அதனிடம் கொடுக்க முடியாது. பரமேஸ்வரனின் துணிவை ஏற்பவர் அந்தப் போரையும் ஏற்க வேண்டும் என்றோ, போரை எதிர்ப்பவர் அவரைத் தூற்ற வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை என்பது என் எண்ணம்.

பதக்கத்தைப் பார்த்தால் பெரிய பகட்டு எதுவும் இல்லை. பரம் வீர் சக்ரா தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, வெண்கலம். குறுக்களவு மூன்றரை சென்டிமீட்டர்தான். நடுவில் அரசுச் சின்னம், அதைச் சுற்றி நான்கு வஜ்ராயுதம், தொங்குவது ஊதா ரிப்பனில். இதை வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கே வந்து இந்திய ராணுவ அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்து, சமஸ்கிருதமும் புராணமும் படித்தவர். விருத்திராசுரனைக் கொல்ல வஜ்ராயுதம் செய்வதற்குத் தன் எலும்பையே கொடுத்த ததீசி முனிவர் கதையிலிருந்து எடுத்தார். தன் உடம்பைக் கொடுப்பவருக்கான பதக்கத்தில் ததீசியின் எலும்பு. இவ்வளவு பொருத்தமான ஒரு யோசனை அரசாங்கக் காரியத்தில் வருவது அபூர்வம். முதல் பதக்கம் போன சோம்நாத் சர்மா, சாவித்ரியின் மூத்த மகளின் கணவருக்குச் சகோதரர் என்பது எதேச்சையாக அமைந்தது.

கடைசியாக ஒரு விஷயம், இதில்தான் பத்திரிகைகளே சறுக்குகின்றன. ஒரு ராணுவ அதிகாரியின் நெஞ்சில் வண்ணவண்ணமாக மூன்று நான்கு வரிசை ரிப்பன் இருக்கும். அத்தனையும் வீரத்துக்கு அல்ல. பெரும்பாலானவை அங்கே இருந்ததற்காகவோ இத்தனை ஆண்டு சேவை செய்ததற்காகவோ கொடுப்பவை. சியாச்சினில் பணி செய்தால் ஒன்று, ஒன்பது ஆண்டு சேவைக்கு ஒன்று, சுதந்திரப் பொன்விழா ஆண்டில் பணியில் இருந்ததற்கு ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும். பரம் விசிஷ்ட சேவா பதக்கம் என்று ஒன்று இருக்கிறது. முதல் சொல் ஒன்றாக இருப்பதால் பரம் வீர் சக்ராவோடு குழப்பிக்கொள்வார்கள். அது மூத்த தளபதிகளின் நெடுங்காலச் சிறப்பான பணிக்கு, போர்க்களத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. வீரப் பதக்கத்தைக் கண்டுபிடிக்க நிறத்தைப் பாருங்கள். முழு ஊதா என்றால் பரம் வீர். பாதி வெள்ளை பாதி ஆரஞ்சு மகாவீர், பாதி கருநீலம் பாதி ஆரஞ்சு வீர் சக்ரா. பச்சை நிறத்தில் ஆரஞ்சுக் கோடு ஒன்று இருந்தால் அசோக சக்ரா, இரண்டு இருந்தால் கீர்த்தி, மூன்று இருந்தால் சௌர்ய. கோடு கூடக்கூடப் பதக்கம் கீழே இறங்குகிறது, அதுதான் வேடிக்கை. இந்த ஆறுக்கும் கீழே சேனா பதக்கம் இருக்கிறது, கடற்படைக்கும் விமானப்படைக்கும் அதற்கு இணையாகத் தனித்தனியாக உண்டு.

பணம் எவ்வளவு என்று கேட்க நினைத்துக் கூச்சப்படுபவர்களுக்கு: மாதாமாதம் ஒரு தொகை உண்டு. 2017 ஆகஸ்டில் உயர்த்தியபோது பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், அசோக சக்ராவுக்கு 12,000, மகாவீருக்கு 10,000, கீர்த்திக்கு 9,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்யாவுக்கு 6,000, சேனா பதக்கத்துக்கு 2,000 என்று வைத்தார்கள். இதற்கு மேல் மாநில அரசுகள் மொத்தமாக ஒரு தொகையோ நிலமோ தருகின்றன, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரே மலையில் ஒரே இரவில் ஒரே பதக்கம் வாங்கிய இருவருக்கு, சொந்த ஊர் வேறு மாநிலம் என்பதாலேயே கையில் கிடைப்பது வேறாக இருக்கலாம்.